சதையிக் கல்லுக்கு எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை



காலைப் பிரட்டிலிருந்து நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம். இன்றைக்கு நாங்கள் எடுத்திருப்பது சதையியில் வரும் கல்.

சதையியைக் கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு அது. சாப்பாட்டைச் செமிக்க வைக்கும் சாறும், இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் அங்கேதான் உண்டாகின்றன. சாறு ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்கு வருகிறது. சதையி பல வருடம் அழற்சியால் புண்பட்டால், சாறு தடித்து, கல்சியம் படிந்து, குழாய்க்குள்ளே கல்லாகும். கல் அடைத்தால் சாறு பின்னால் தேங்கி அமுக்கும். வலிக்கு அது ஒரு பெரிய காரணம்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரைக்கும் குத்தும் வலி, சாப்பிட்டதும் கூடும் வலி, எண்ணெய்ப் பசையாக மிதக்கும் மலம், உடம்பு மெலிவது, பிறகு சலரோகம். இவைதான் அடையாளங்கள். லயத்துக்குப் போனால் நாங்கள் கேட்கிற பேச்சு வேறு: "அது வாய்வுங்க, சோடா குடிச்சா போயிடும்." இன்னும் சிலர், "ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தை அறுத்துப்புடுவாங்க" என்று பயந்து, வருடக் கணக்கில் வலியோடு கூடை சுமக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொல்ல வந்தோம். வயிற்றை வெட்டாமலும் பலருக்குக் கல்லை எடுக்கலாம்.

முதலாவது வழி, வாய் வழியாக விடும் கமராக் குழாய். அது குடல் வரைக்கும் போய், சதையிக் குழாயின் வாயைக் கொஞ்சம் திறந்து, சின்ன வலைக்கூடையாலோ பலூனாலோ கல்லை இழுத்து எடுக்கும். வாயைத் திறக்கும் இந்த முறை பல வருடங்களாக நடைமுறையில் இருக்கிறது. சிறிய கல்லுக்கு இதுவே போதும்.

5 மில்லிமீற்றருக்கு மேலான கல் இப்படி இலேசில் வராது. அதற்கு இரண்டாவது வழி: வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை நொறுக்குவது. 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லுக்கு முதலில் செய்தார்கள். 1987இல் சதையிக் கல்லை உடைத்ததும் ஜெர்மனியில்தான். நோயாளி மேசையில் படுப்பார், மயக்கமோ வலி தெரியாத ஊசியோ கொடுப்பார்கள். எக்ஸ்ரேயில் கல்லைக் குறிபார்த்து, ஆயிரக்கணக்கான அதிர்வுகள் கொடுப்பார்கள். ஒரு தடவையில் முடியாவிட்டால் மறுபடியும் செய்வார்கள். இந்தியாவில் ஹைதராபாத் வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இதைச் செய்து 2010இல் வெளியிட்ட கணக்கில், சுமார் 4 பேரில் 3 பேருக்குக் கல் முற்றாக நீங்கியிருந்தது.

சில பேருக்குக் குழாய் ஒடுங்காமலிருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைப்பார்கள். அதைச் சொன்ன திகதிக்குப் போய் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடைபட்டு காய்ச்சலும் வலியும் வரும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று அந்தத் திகதியைத் தவற விடாதீங்க.

உண்மையையும் சொல்லவேண்டும். இந்த முறைகளாலேயே சிலருக்குச் சதையி அழற்சி வரலாம். எல்லாருக்கும் இவை பொருந்தாது. கல் இருக்கும் இடம், குழாயின் ஒடுக்கம் எல்லாம் பார்க்கவேண்டும். நெதர்லாந்தில் 88 நோயாளிகளைப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் கமராக் குழாய் வைத்தியம் செய்தவர்களைவிட நேரத்தோடு சத்திர சிகிச்சை செய்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆகவே வைத்தியர் சத்திர சிகிச்சை என்று சொன்னால், ஓடி வந்துவிடாதீங்க. ஏன் என்று கேளுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் இந்தக் கல் கரையாது.

இன்னொன்று. மெஷின் கல்லைத்தான் உடைக்கும், பழக்கத்தை உடைக்காது. சாராயம், கசிப்பு, சுருட்டு, பீடி எல்லாம் சதையியை மேலும் அழிக்கும். கல் எடுத்த பிறகும் குடித்தால் வலி திரும்பி வரும். ஆனால் இந்த வருத்தம் வந்தவர் எல்லாரும் குடிகாரர் என்று நினைக்கக்கூடாது. குடியே தொடாத பெண்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அவர்களைப் பழி பேசி மறைக்க வைக்காதீர்கள்.

தாய்மாரே, வீட்டில் யாருக்காவது இந்த அடையாளங்கள் இருந்தால் முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்க. அங்கிருந்து கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. செமிபாட்டு மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். இன்சுலின் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

வலியைப் பொறுப்பது வீரமல்ல. நேரத்தோடு போனால் பலருக்குக் கத்தியில்லாமலே வைத்தியம் செய்யலாம்.