நிலத்தில் நாட்டும் மரத்தூண்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் நம்மவருட் பலர் வலைக்கொட்டகைக்கும் கூரைச் சார்ப்புக்கும் சவுக்குக் கால்களை நாட்டுகின்றனர். 2016-ம் வருஷம் டிசம்பரில் வீசிய வர்தா போன்ற புயலில், உளுத்த கால் பெரும்பாலும் மண்மட்டத்திலேயே முறியும். கீழே படுத்திருப்போரின் உயிர் அந்த ஒரு சாண் மரத்தைப் பற்றியிருக்கிறது. ஆதலின் இவ்விஷயத்தை அற்பமென்று யாம் கருதவில்லை.

மரத்தை இற்றுப்போகச் செய்வது ஜலமன்று, பூஞ்சணமே. அதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஆழத்தில் காற்றுக் குறைவு; மேலே ஈரம் நிலைப்பதில்லை; மண்மட்டத்திலோ இரண்டும் கூடுகின்றன.

அடியைத் தீயில் வாட்டுவது பழைய வழக்கம். கரிவது மேற்பரப்பு மாத்திரமே. பின்னர் மரம் வெடித்தால் ஈரம் உட்புகும். காயாத மரத்தில் தார் பூசுவதோ கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதை ஒக்கும். பழைய எஞ்சின் எண்ணெய் மண்ணைக் கெடுக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த துன்பத்தைக் கண்ட நமக்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்து மரத்தினுள் ஊறவேண்டும். 1838-ல் ஜான் பெத்தல் என்னும் ஆங்கிலேயர் நிலக்கரித் தாரின் எண்ணெயை அழுத்தத்தால் மரத்தினுட் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். கிரியோசோட் என்னும் அவ்வெண்ணெய் ரயில்வே கட்டைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. நமது இராயபுரத்திலிருந்து 1856-ல் ரயில் ஓடத்தொடங்கியதை யாவரும் அறிவர். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்பார் 1933-ல் செம்பு, குரோமியம், பாஷாணம் ஆகியவை சேர்ந்த மருந்தைக் கண்டார். நம் தேசத்தார் ஒருவர் கண்ட அது உலகெங்கும் பரவியது. எனினும் பாஷாணத்துக்கு அஞ்சி, 2003-ம் வருஷ முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டனர்.

மருந்தேற்றிய மரம் வாங்க இயலாதார் செய்யத்தக்கது யாது? பட்டையை உரித்து, நிழலிற் காயவைத்த வைரமுள்ள மரமே கொள்க. குழியின் அடியிற் சரளை இடுக. தூணைச் சுற்றி மண்ணை மேடாக்கி, மழை ஜலம் விலகி ஓடச்செய்க. இவற்றினும் மேலானது, தரைக்கு மேல் ஒரு சாண் எழும்பிய சிமெண்டுக் கட்டையில் நாகம் பூசிய இரும்புப் பட்டைகளால் தூணைப் பிணைத்து, மரம் மண்ணைத் தீண்டாமற் செய்வதே. சிமெண்டுக்குள்ளேயே தூணைப் புதைப்பதை யாம் விரும்பவில்லை. இடைவெளியில் ஜலம் தேங்கும்.

முன்னரே நாட்டிய தூண்களை வருஷந்தோறும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு சாண் தோண்டிக் கத்தி முனையாற் குத்திப் பார்க்க. முனை எளிதில் இறங்கினால் அத்தூணை மாற்றுக.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கழித்த ரயில் கட்டையையும் மருந்தேற்றிப் பச்சை பாய்ந்த மரத்தையும் அடுப்பில் வைக்கவேண்டா. முன்னதன் புகை நஞ்சு. பின்னதன் சாம்பலிலும் பாஷாணம் நிற்கும்.