நாட்டின் அரணும் நம் ஒற்றுமையும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். பள்ளி ஆசிரியனுக்குப் பீரங்கியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் எண்ணலாம். பீரங்கியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பகை கொண்ட நாடு ஒன்று நம்மை வீழ்த்த நினைத்தால் எல்லையில் மட்டுமா கை வைக்கும்? நம் சோற்றில், நம் சொல்லில், அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவில் எங்கே விரிசல் இருக்கிறது என்று தேடி, அங்கேயும் கை வைக்கும். அந்த விரிசலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திருவள்ளுவர் இதனை நன்கு அறிந்திருந்தார். பசியும் பிணியும் பகையும் இல்லாதது மட்டுமன்று, பல குழுக்களாகப் பிளந்து கிடத்தலும் உள்ளிருந்தே பாழாக்கும் பகையும் இல்லாததே நாடு என்பது அவர் தரும் இலக்கணம். ‘அரண்’ என்ற அதிகாரத்தில் கோட்டையின் உயரத்தையும் அகலத்தையும் சொல்லி வந்தவர், எத்துணைச் சிறப்புடைய கோட்டையாயினும் உள்ளே இருப்பவர் செயல்திறம் அற்றவராயின் அது கோட்டையே அன்று என்று முடித்தார். அத்துடன் அமையாது ‘உட்பகை’ என்றே தனியாக ஓர் அதிகாரமும் வகுத்தார்.

குண்டு செய்த சேதமும் அச்சம் செய்த சேதமும்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்காத தாக்குதல் அது. தொட்டிகள் எரிந்தன, சில உயிர்கள் போயின. ஆனால் அதன்பின் பல நாட்கள் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தனர். அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கொக்கோசுத் தீவுகளின் அருகே அழிக்கப்பட்டது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. சூழ்ச்சியில் வல்லவனை இன்றும் ‘எம்டன்’ என்று சொல்கிறோம் அல்லவா?

1942ஆம் ஆண்டு ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. படையெடுப்பு வருகிறது என்ற அச்சத்தில் இலட்சக்கணக்கானோர் சென்னையைக் காலி செய்தனர். அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. சப்பானியப் படையோ கரையிறங்கவே இல்லை. வெளியூரில் வீடும் உறவும் உடையவர்கள் ஊரைவிட்டுப் போயினர். அன்றாடக் கூலியை நம்பியவனுக்குப் போக இடம் ஏது? அச்சம் பரவும் காலத்தில் முதலில் கைவிடப்படுபவன் ஏழையே என்பதை நம் மக்கள் மறக்கலாகாது.

சோறும் ஓர் ஆயுதம்

1965இல் பாகித்தானோடு போர் மூண்டபோது எல்லையில் நம் வீரர்கள் உறுதியோடு நின்றனர். ஆனால் நாட்டின் வயிறு அயல்நாட்டுக் கோதுமையை நம்பி இருந்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தின்கீழ் வந்த தானியம், அந்நாட்டரசின் விருப்பத்துக்கேற்பக் குறுகிய காலத் தவணைகளாக அளந்து கொடுக்கப்பட்டது. பசித்தவன் கழுத்தில் பிறர் கை இருக்கும் என்பதை அன்று இந்தியா உணர்ந்தது. அந்நாளில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்தவரான நம் சி.சுப்பிரமணியம். அவருடைய உறுதியால் 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. சில ஆண்டுகளிலேயே விளைச்சல் பெருகி, அயலார் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை நீங்கியது. நாட்டைக் காத்தவர் பட்டியலில் துப்பாக்கி ஏந்தியவரோடு விதை நெல்லை ஏந்தியவருக்கும் ஆய்வுக்கூடத்தில் விழித்திருந்தவருக்கும் இடம் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத படையெடுப்பு

இன்றைய பகை கடல் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. 2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகப் பணிக்கான கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்திருந்தது. முதலில் நிலையத்தின் தரப்பில் மறுக்கப்பட்டாலும், மறுநாள், அக்டோபர் 30ஆம் நாள், அணுமின் கழகமே அதனை ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாக இருந்தமையால் அதற்குத் தீங்கு நேரவில்லை. அம்மென்பொருள் வடகொரியாவோடு தொடர்புடைய குழு ஒன்றின் கைவரிசையாகத் தோன்றுகிறது என்று கணினி வல்லுநர்கள் கருதினர். எம்டன் துறைமுகத்தின் எதிரே வந்து நின்றதைக் கரையில் இருந்தவர் கண்டனர். இதைக் கண்டவர் எவருமில்லை.

2025 மே மாதம் இந்தியாவும் பாகித்தானும் மோதிக்கொண்ட நாட்களில் கைப்பேசிகளில் எத்தனை பொய்கள் பறந்தன! வேறு நாட்டில் என்றோ எடுத்த படங்களும், கணினி விளையாட்டுக் காட்சிகளும்கூடப் போர்க்காட்சிகளாக உலவின. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியதாயிற்று. அப்படங்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் ஒற்றர்கள் அல்லர். அவசரத்தில் விரலால் தட்டி அனுப்பிய நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களே.

நம் ஊரில் நடந்த பரீட்சை

இதற்கான பரீட்சை திருப்பூருக்கும் வந்தது. பீகார், சார்க்கண்டு, ஒடிசா, உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலத் தொழிலாளர்கள் தைப்பதும் பிசிர் வெட்டுவதும் தேய்ப்பதும் கட்டுவதுமாகச் சேர்ந்து உழைப்பதால்தான் 2024-25ஆம் நிதியாண்டில் 40,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பின்னலாடை இங்கிருந்து அயல்நாடு சென்றது. 2023 மார்ச்சு தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற காணொளிகள் வடமாநிலங்களில் காட்டுத்தீயாகப் பரவின. ஒரு காணொளி திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையே நடந்த மோதல் என்றும் மாநிலக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். ஓலிப் பண்டிகைக்காக ஊர் சென்றோரின் கூட்டம்கூட உயிர்தப்பி ஓடுவோர் கூட்டமாகக் காட்டப்பட்டது.

அப்போது என்ன செய்யப்பட்டது என்பதே நமக்குப் பாடம். காவல்துறையினரும் மாவட்ட ஆட்சியினரும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் ஆலைகளுக்கும் சென்று இந்தியிலேயே பேசினர். உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. முதலமைச்சர் பீகார் முதலமைச்சரோடு தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களைக் கண்டு மனநிறைவோடு திரும்பியது. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் தொடரப்பட்டன.

அந்தப் பொய்யைப் பகைநாடு ஒன்று பரப்பியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் மற்றொரு பொய்யாகிவிடும். பரப்பியவர்கள் நம் நாட்டவரே. ஆனால் சில காணொளிகளால் ஒரு தொழில் நகரத்தையே நடுங்க வைக்க முடியும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. நாளை பகைவன் ஒருவன் அதே கதவைத் தட்டமாட்டான் என்பதற்கு உறுதி உண்டா?

அன்பார்ந்த இளைஞர்களே, இங்கே ஒரு சொல் உங்களுக்கு. நம்மோடு ஒரே விசைத்தறியில், ஒரே சாயப்பட்டறையில் வேலை செய்யும் அந்த வடமாநிலத் தம்பியை இளக்காரமான பெயரிட்டு அழைப்பதும், வாடகைக்கு அறை மறுப்பதும், கூலியைக் குறைக்க வந்தவன் என்று பழிப்பதும் நம் காதில் விழுகின்றன. அவர்களிலும் நம்மைப்போல் ஒடுக்கப்பட்டோரும் பழங்குடியினரும் உள்ளனர். ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவதன் வலி எப்படியிருக்கும் என்று பிறர் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஆவணமின்றி அயல்நாட்டவர் எவரேனும் தங்கியிருந்தால் அதை ஆராய்வது காவல்துறையின் கடமை. வங்காளம் பேசுகிறவனையெல்லாம் அயல்நாட்டான் என்று மடக்கிக் கேள்வி கேட்பது நம் வேலையன்று.

அண்ணல் விடுத்த எச்சரிக்கை

1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையை நீங்கள் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். இந்தியா முன்பு விடுதலையை இழந்தது தன் மக்களில் சிலருடைய துரோகத்தாலேயே என்று அவர் நினைவூட்டினார். சிந்து நாட்டில் தாகிர் மன்னனின் தளபதிகள் பகைவரிடம் கையூட்டுப் பெற்றுப் போரிட மறுத்ததை எடுத்துக் காட்டினார். வரலாறு திரும்புமோ என்று கவலைப்பட்டார். அதே உரையில், சாதிகள் மக்களைப் பிரித்து வைப்பதால் அவை தேசத்துக்கே விரோதமானவை என்றும், சகோதரத்துவம் இல்லாமல் சுதந்தரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நிற்கும் என்றும் விளக்கினார்.

இந்த எச்சரிக்கை நம்மை நோக்கி விடுக்கப்பட்டதன்று. நாம் நாட்டுக்குக் கடன்பட்டு நிற்பவர்கள் அல்லர். அண்ணலின் தந்தையார் இராணுவத்தில் சுபேதார். மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை 1890களில் ஆங்கில அரசு நிறுத்தியது. போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகார் படைப்பிரிவு அமைந்தது. நம் தமிழகத்திலும் சென்னைப் படையின் தொடக்க காலந்தொட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் மண்வெட்டியும் துப்பாக்கியும் ஏந்தி நின்றிருக்கின்றனர். ஆபத்து வந்தால் அழைப்பதும் ஆபத்து நீங்கினால் விலக்குவதும் எவ்வகை நீதி?

2018 சூலையில் நம் மாவட்டத்து அவிநாசி வட்டத்தில், அரசுப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்த செய்தியை நாடே படித்தது. ஒரு தாய் கையால் ஆக்கிய சோற்றைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சொல்கிற ஊரில், பகைவன் புதிதாக எந்த விரிசலை உண்டாக்க வேண்டும்? இருப்பதையே பயன்படுத்திக்கொள்வானே! ஆகவே தீண்டாமையை எதிர்த்து நீங்கள் நடத்தும் ஒவ்வொரு போராட்டமும் நாட்டுப் பாதுகாப்புப் பணியே ஆகும். உரிமை கேட்பவனைப் பார்த்து ‘நாட்டைப் பிளக்கிறாய்’ என்று எவரேனும் சொன்னால், பிளந்தது நாங்கள் அல்லோம், தைக்க வந்தவர்களே நாங்கள் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். தையல் நம் ஊரின் தொழில் அன்றோ?

இளைஞர் செய்ய வேண்டுவன

முதலாவது, கைப்பேசியில் வரும் செய்தியை, யார் சொன்னது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்ற மூன்று கேள்விகளால் சலித்த பிறகே பிறருக்கு அனுப்புங்கள். விடை தெரியாத செய்தி உங்களோடு நின்றுவிடட்டும்.

இரண்டாவது, சிறு தொகைக்கு ஆசைப்பட்டு உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் அட்டையையோ பிறர் கையில் ஒப்படைக்காதீர்கள். குற்றம் செய்பவன் மறைந்துகொள்வான். வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். ஏமாற்றப்பட்டால் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது, அயல்நாட்டில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று அழைக்கும் முகவரை விசாரிக்காமல் புறப்படாதீர்கள். அவ்வாறு சென்று மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர்.

நான்காவது, தேசிய மாணவர் படை, ஊர்க்காவல் படை, முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றில் சேருங்கள். வெள்ளமோ தீயோ போரோ எது வந்தாலும் செய்ய வேண்டுவதை அறிந்த பத்துப் பேர் உள்ள தெரு கலங்காது.

ஐந்தாவது, இச்சங்கத்தின் மாலை வகுப்புகளில் வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவர்கள் தமிழ் கற்கட்டும். நம் பிள்ளைகள் அவர்கள் மொழியில் நான்கு சொல் கற்கட்டும். 2023இல் அதிகாரிகள் ஓடியோடிச் செய்த வேலையை, அடுத்த முறை தெருவில் உள்ள பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

பெரியோர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக நீங்கள் ஏற்றிய விளக்கில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி தோன்றியுள்ளார். எழுதப் படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். தன்மானம் உள்ளவனை விலைக்கு வாங்குவது அதனினும் கடினம். இவ்விரண்டையும் ஊட்டும் கல்விக்கூடம், எந்தப் படை முகாமுக்கும் குறைந்த அரண் அன்று. அந்த அரணைப் பொன்விழாவுக்கும் அப்பால் கொண்டுசெல்லும் பொறுப்பு, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களாகிய உங்களுடையது.