கோ ஆட்டத்தில் இறந்த காய்கள்

சதுரங்கத்தில் அரசன் தப்ப வழியின்றி முற்றுகைக்குள் சிக்கும் கணத்தில் ஆட்டம் தானாகவே முடிந்துவிடுகிறது. வென்றவர் யார் என்பதைப் பலகையே சொல்லிவிடுவதால், அதைப் பற்றி ஆடியவர்கள் இருவரும் கலந்து பேச வேண்டிய தேவை எழுவதில்லை. சீனாவில் தோன்றி, கொரியாவிலும் ஜப்பானிலும் வேரூன்றி, இன்று உலகெங்கும் ஆடப்படும் கோ ஆட்டமோ அப்படி முடிவதில்லை. இனி வைப்பதற்குப் பயனுள்ள இடம் எதுவுமில்லை என்று ஒருவர் கருதித் தம் முறையை விட்டுக்கொடுக்க, மற்றவரும் அவ்வாறே விட்டுக்கொடுக்கும்போது ஆட்டம் நிற்கிறது. அதன் பிறகு இருவரும் சேர்ந்து பலகையைப் பார்த்து, எந்தக் காய்கள் உயிரோடு இருக்கின்றன, எவை இறந்துவிட்டன என்பதில் உடன்பாட்டுக்கு வந்தால்தான் எண்ணிக்கையே தொடங்க முடியும். அந்த உடன்பாடு எப்படி உருவாகிறது என்பதும், உருவாகாதபோது விதிகள் என்ன செய்கின்றன என்பதுமே இந்த உரையின் பொருள்.

ஆட்டத்தை அறியாத நேயர்கள் மனத்தில் ஒரு பலகையை வரைந்துகொள்ளலாம். நெடுக்கே 19 கோடுகள், குறுக்கே 19 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில்தான் காய்கள் வைக்கப்படுகின்றன. கறுப்பு முதலில் வைக்கும், அடுத்து வெள்ளை. வைத்த காய் பிறகு நகர்வதில்லை. ஒரு காயைத் தொட்டு, கோட்டின் வழியே அடுத்திருக்கும் வெற்றுப் புள்ளிகளை அதன் மூச்சு என்று சொல்வது வழக்கம். நடுப்பலகையில் தனியே நிற்கும் காய்க்கு நான்கு மூச்சு. ஒரே நிறக் காய்கள் கோட்டின் வழியே ஒட்டி நின்றால் அவை ஒரு கூட்டமாகி, மூச்சையும் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. கடைசி மூச்சும் அடைபட்ட கூட்டம் முழுவதும் பலகையிலிருந்து எடுக்கப்பட்டு, எதிரியின் கைதியாகிறது. ஆட்டத்தின் நோக்கம் கைதிகளைச் சேர்ப்பதன்று. வெற்றுப் புள்ளிகளைச் சுற்றி வளைத்து நிலமாக்கிக்கொள்வதே.

ஒரு கூட்டம் என்றைக்கும் பிடிபடாமல் இருக்க வேண்டுமானால், அதற்குள் தனித்தனியான இரண்டு வெற்றிடங்கள் இருக்க வேண்டும். அவற்றைக் கண்கள் என்பார்கள். தன் மூச்சையே அடைத்துக்கொள்ளும் இடத்தில், அந்த வைப்பால் எதிரியின் காய் எதுவும் பிடிபடாதவரை, யாரும் காய் வைக்க முடியாது. எனவே ஒரு கண்ணை அடைக்க எதிரி நுழையும்போது மற்றக் கண் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை அவரால் ஒன்றும் செய்ய இயலாது. இந்த எளிய உண்மையிலிருந்துதான் உயிர், இறப்பு என்ற முழுச் சாத்திரமும் விரிகிறது. வளைக்கப்பட்ட ஒரு கூட்டத்துக்குள் மூன்று வெற்றுப் புள்ளிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன என்று கொள்வோம். காப்பவர் நடுப்புள்ளியில் வைத்தால் இருபுறமும் இரண்டு கண்கள் அமைந்து கூட்டம் பிழைக்கும். தாக்குபவர் அதே புள்ளியில் முதலில் வைத்துவிட்டால் அது பிழைக்காது. வரிசையாக நான்கு புள்ளிகள் இருந்தால், நடுவிலுள்ள இரண்டில் ஒன்றை எதிரி எடுத்தாலும் மற்றதைக் காப்பவர் எடுத்துக்கொள்ளலாமாதலால் கவலை இல்லை. அதே நான்கு புள்ளிகள் சதுரமாக அமைந்துவிட்டாலோ, காப்பவரே முதலில் ஆடினாலும் கூட்டம் பிழைக்க வழியில்லை. பலகையில் அதன் காய்கள் அப்படியே நிற்கின்றன, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் ஆட்டமறிந்த இருவர் அதைப் பார்த்தவுடன், அது இறந்தது என்று பேசாமலே ஒப்புக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோ ஆட்டத்தில் இறப்பு என்பது பலகையில் நடந்துமுடிந்த நிகழ்ச்சி அன்று. இனி ஆடினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றிய தீர்ப்பு. நடக்காத ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பாக இருப்பதால்தான் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. வேறுபாடு எழும்போது, உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அதற்கான செலவும் யாருடையவை என்ற கேள்விக்குச் சீன விதிகளும் ஜப்பானிய விதிகளும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

ஜப்பானிய முறையில் ஒருவருடைய புள்ளிகள் அவர் வளைத்த வெற்றிடங்களும் அவர் பிடித்த கைதிகளும் சேர்ந்தவை. இறந்தவை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட காய்கள் ஆட்டம் நின்ற பிறகு எடுக்கப்பட்டுக் கைதிகளோடு சேர்க்கப்படுகின்றன. இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாகக் கோமி என்னும் ஆறரைப் புள்ளிகள் கொடுக்கப்படுகின்றன. இந்த முறையில் தன் நிலத்துக்குள் தானே ஒரு காயை வைப்பவர் ஒரு புள்ளியை இழக்கிறார். கறுப்பின் பரந்த நிலத்துக்குள் ஒற்றை வெள்ளைக் காய் நான்கு மூச்சோடு நிற்கிறது என்றும், அது உயிரோடு இருக்கிறது என்று வெள்ளை ஆடுபவர் வாதிடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அதைப் பிடித்துக் காட்டக் கறுப்பு நான்கு காய்களைத் தன் நிலத்திலேயே வைக்க வேண்டும். அந்த நான்கு முறையும் வெள்ளை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால், தனக்கே உரிய காயைப் பிடித்ததற்காகக் கறுப்பு நான்கு புள்ளிகளை இழக்கும். ஒவ்வொரு முறையும் வெள்ளை பதிலுக்கு அந்த நிலத்துக்குள்ளேயே ஒரு காய் வைத்தால் அந்தக் காய்களும் கைதிகளாகி இழப்பு சரிக்கட்டப்படும். ஆனால் வாதிடுபவர் அப்படி வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் பலர் குழம்பி நிற்கும் இடம் இதுவே. இறந்தது என்று சொன்னால் எதிரி நம்பவில்லை, மெய்ப்பித்துக் காட்டினால் நட்டம் என்ற நிலை அவர்களுக்கு அநீதியாகவே படுகிறது. அந்த உணர்வில் நியாயம் இருக்கிறது.

சீன முறையில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே உயிருள்ள காய்களும் அவை வளைத்த வெற்றிடங்களும் சேர்த்து எண்ணப்படுகின்றன. தன் நிலத்துக்குள் வைத்த காய் ஒரு வெற்றிடத்தை நிரப்பினாலும் தானே ஒரு புள்ளியாக எண்ணப்படுவதால், கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 361 புள்ளிகளும் இருவருக்குள் பங்கிடப்படுகின்றன. ஜப்பானியக் கோமியைவிடச் சற்றுப் பெரிதான சீனக் கோமியைக் கணக்கில் கொண்டால் கறுப்பு 185 புள்ளிகளைச் சேர்த்தால் வெற்றி, 184 என்றால் தோல்வி. ஒரு கூட்டம் இறந்ததா என்று ஐயம் வந்தால் ஆட்டத்தைத் தொடர்ந்து அதைப் பிடித்தே காட்டிவிடலாம். அதற்காக யாரும் எதையும் இழப்பதில்லை. அமெரிக்கக் கோ சங்கத்தின் விதிகள் இரண்டு முறைகளையும் இணைக்க ஓர் அழகான வழியைக் கண்டிருக்கின்றன: முறையை விட்டுக்கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு காயைக் கைதியாக எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும், கடைசியாக விட்டுக்கொடுப்பவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளால், எந்த முறையில் எண்ணினாலும் விடை ஒன்றாகவே வருகிறது.

ஜப்பானிய மரபு எழுத்தில் வடிக்கப்பட்ட விதிகளை விட ஆட்டவல்லாரின் பொது அறிவையே நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை குலைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1928இல் செகோயே கென்சாகுவும் தகாஹாஷி ஷிகேயுகியும் ஆடிய ஆட்டத்தின் முடிவில், சுழல் நிலை ஒன்றைப் பற்றித் தகராறு எழுந்தது. சுழல் என்று இங்கே குறிப்பிடப்படுவது, ஒரே இடத்தில் ஒற்றைக் காயை இருவரும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டே போகக்கூடிய நிலை. அது முடிவின்றி நீளாதிருக்க, பிடிபட்டவர் உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது என்பது விதி; அதனால் அவர் வேறோர் இடத்தில், எதிரி பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு மிரட்டலை வைத்த பிறகு திரும்பிவரப் பார்ப்பார். அந்தத் தகராறில், செகோயே வென்றார், ஆனால் தகாஹாஷி தோற்கவில்லை என்ற விசித்திரமான தீர்ப்பே கிடைத்தது. 1959இல் கோ செய்கெனும் தகாகவா ககுவும் ஆடிய ஆட்டத்திலும் முடிவுறாத சுழலை நிரப்பியாக வேண்டுமா என்பதில் சர்ச்சை மூண்டது. இடையில் 1949இல் நிஹோன் கி-இன் என்னும் ஜப்பானியக் கோ கழகம் விதிகளை எழுத்தில் வடித்திருந்தது. ஆனால் அதில் பல நிலைகளுக்குப் பொதுக் கொள்கை இல்லாமல், இன்ன வடிவம் இறந்தது என்று தனித்தனித் தீர்ப்புகளே இடம்பெற்றிருந்தன.

அவற்றில் மிகவும் பெயர்பெற்றது மூலையில் அமையும் வளைந்த நான்கு என்ற வடிவம். மூலையிலுள்ள ஒரு வெள்ளைக் கூட்டத்துக்குள் கறுப்புக் காய்கள் சிக்கியிருக்கின்றன; மேற்பார்வைக்கு இருவரும் ஒருவரையொருவர் தொட முடியாத சமநிலை போலத் தோன்றுகிறது. உண்மையில் வெள்ளையால் அங்கே எதுவும் செய்ய இயலாது. கறுப்போ தான் விரும்பும் நேரத்தில் இன்னொரு காயைச் சேர்த்து, நான்கு காய்களை வளைந்த வடிவில் பலிகொடுத்து, பிறகு அதே மூலையில் ஒரு சுழலைத் தொடங்க முடியும், அதில் முதலில் பிடிப்பவரும் கறுப்பே. நேரத்தைத் தேர்ந்தெடுப்பது கறுப்பின் உரிமையாதலால், வெள்ளை பயன்படுத்தக்கூடிய மிரட்டல்கள் அனைத்தையும் முன்னதாகவே ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு அது சுழலில் இறங்கலாம். ஆனால் அப்படி அடைப்பதற்கு ஜப்பானிய எண்ணிக்கையில் புள்ளிகள் செலவாகுமாதலால், ஆடாமலே அந்த வெள்ளைக் கூட்டம் இறந்ததாகக் கொள்ளப்படும் என்று விதி கூறியது. சீன விதியில் இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. கறுப்பு செலவின்றி மிரட்டல்களை அடைத்துவிட்டு ஆடிக்காட்டலாம். எங்கேனும் அடைக்கவே முடியாத மிரட்டல் ஒன்று வெள்ளைக்கு மிஞ்சியிருந்தால் மட்டும், அதே வடிவம் இரண்டு நாடுகளில் இரண்டு விடைகளைத் தரும்.

1989இல் திருத்தப்பட்ட ஜப்பானிய விதிகள் இந்தத் தனித்தீர்ப்புகளுக்கு ஓர் அடிப்படையைத் தேடின. எதிரியால் பிடிக்க முடியாத காய்கள் உயிருள்ளவை, பிடித்தாலும், அதன் விளைவாக எதிரியால் பிடிக்க இயலாத புதிய காய் ஒன்றை வைக்க வழி திறக்குமானால் அவையும் உயிருள்ளவை, மற்றவை இறந்தவை. இதை உறுதிசெய்ய உண்மையான பலகை தொடப்படுவதில்லை. கருத்தளவில் ஓர் ஆட்டம் ஆடிப்பார்க்கப்பட்டு, முடிவு கண்ட பின் நிலை பழையபடி கொள்ளப்படுகிறது, அதனால் யாருக்கும் இழப்பும் இல்லை. அந்தக் கற்பனை ஆட்டத்தில் பிடிபட்ட சுழலைத் திருப்பிப் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சுழலுக்காகவே ஒரு முறையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. இதனால் பலகையின் வேறு மூலைகளிலுள்ள மிரட்டல்கள் செல்லாமற்போய், ஒவ்வொரு கூட்டத்தின் உயிரும் அதனதன் இடத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. மூலையின் வளைந்த நான்கு இப்போது தனித்தீர்ப்பால் அன்றி இந்தப் பொது விதியாலேயே இறந்ததாகிறது. அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு இது. ஆயினும், இதைச் சரியாகப் பயன்படுத்த ஆடுவோர் இருவருக்கும் தேர்ச்சி வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

இருவரும் உயிரோடு விடப்படும் நிலை ஒன்றும் உண்டு. இரண்டு எதிர்நிறக் கூட்டங்கள், இரண்டுக்கும் போதிய கண்கள் இல்லாமல், பொதுவான இரண்டு மூச்சுகளைப் பகிர்ந்து நிற்கும். அதில் ஒன்றை யார் முதலில் அடைத்தாலும் அவருடைய கூட்டமே பிடிபடும் என்பதால் இருவரும் அதைத் தொடுவதில்லை. செக்கி எனப்படும் இந்த நிலையில் எந்தக் காயும் இறந்ததன்று. அதற்குள் கண்ணாக அமைந்த வெற்றிடத்தைச் சீன முறை எண்ணும், ஜப்பானிய முறை எண்ணாது.

உடன்பாட்டுக் கட்டத்தில் மறைந்திருக்கும் நெறிச் சிக்கல் ஒன்று தனியே கவனிக்கத்தக்கது. ஆட்டம் நின்ற பிறகு, மூன்று புள்ளி வரிசையை உள்ளடக்கிய ஒரு வெள்ளைக் கூட்டத்தின் நடுப்புள்ளி இன்னும் வெறுமையாக இருப்பதைக் கறுப்பு திடீரெனக் காண்கிறது. ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு; ஆனால் ஜப்பானிய விதிப்படி, ஒருவர் அவ்வாறு கேட்டால் மற்றவர் மறுக்கக்கூடாது, முதலில் ஆடும் உரிமையும் அந்த மற்றவருக்கே. ஆகவே கேட்ட கணமே, வாய்ப்பைக் கண்டவர் அதை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். முடிவையே மாற்றவல்ல ஒரு வைப்பை ஆட்டம் நின்ற பிறகு கண்டு, அதனால் ஆட்டத்தை முடித்துக்கொள்வதில் இருவரும் இணங்காவிட்டால், இருவருமே தோற்றதாகக் கொள்ளவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. முறையை விட்டுக்கொடுக்கும் முன்னரே பலகையை முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்ற கடமையை இதைவிடக் கண்டிப்பாக உணர்த்த இயலாது.

கணிப்பொறிகளுக்கு இந்தத் தீர்ப்பு நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. 1976இல் டேவிட் பென்சன், எதிரி எத்தனை முறை தொடர்ந்து ஆடினாலும், காப்பவர் ஒருமுறைகூடப் பதில் ஆடாவிட்டாலும் பிடிபடாத கூட்டங்களைக் கண்டறியும் வழிமுறையைக் கணித முறையில் வகுத்தார். அது பிழையற்றது, ஆனால் ஆட்டவல்லார் உயிருள்ளதாகக் கருதும் கூட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் கடுமையான அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. ஜான் டிராம்ப்பும் பில் டெய்லரும் வகுத்த விதிகளோ கேள்வியையே நீக்கிவிட்டன: ஆட்டம் நின்றபோது பலகையில் நிற்கும் காய் உயிருள்ளது, வேண்டாதவர் முன்னதாகவே பிடித்து எடுத்திருக்க வேண்டும். மதிப்புரைக்க வேண்டிய இடமே இல்லாத இந்த விதி, இயந்திரம் இயந்திரத்தோடு ஆடுவதற்கு மிகப் பொருத்தமானது. 2016இல் சியோலில் லீ செடோலை ஆல்ஃபாகோ நிரல் 4-1 என்று வென்ற போட்டி சீன விதிகளின்படியே நடந்தது. அதன் பின் வந்த காட்டாகோ போன்ற நிரல்கள், பலகையின் ஒவ்வொரு புள்ளியும் இறுதியில் யாருக்குச் சேரும் என்று மதிப்பிட்டுச் சொல்லவும் வல்லவை.

மனிதர் இருவர் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும்போது இயந்திரத்தின் தீர்ப்பை நாடத் தேவையில்லை. புதிதாகக் கற்பவர்கள் ஒன்பதுக்கு ஒன்பது கோடுகள் கொண்ட சிறிய பலகையில், சீன எண்ணிக்கையைப் பின்பற்றி, ஐயமுள்ள ஒவ்வொரு கூட்டத்தையும் பிடித்தே பார்த்துவிடுவது நல்லது. அவ்வாறு சில ஆட்டங்களைக் கடைசிவரை ஆடிப் பழகியவர்கள், சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகள் ஏன் உயிர் தரா என்பதைக் கைகளால் கண்டறிந்த பிறகு, ஜப்பானிய முறையில் அதே கூட்டத்தை ஆடாமலே பலகையிலிருந்து எடுக்கத் தயங்கமாட்டார்கள்.