பாவை சுருங்கும் பருவம்



கண்ணின் நடுவே ஒளி புகும் வட்டத் துளையைத் தமிழ் 'பாவை' என்றும் 'கண்மணி' என்றும் வழங்கியது. பேச்சுத்தமிழ் அதனைக் 'கண்பாப்பா' என்கிறது. இலத்தீனத்தில் அதன் பெயராகிய 'பியூப்பில்லா' என்பதற்கும் சிறு பொம்மை என்னும் பொருளுண்டு; கிரேக்கத்தின் 'கோரே' சிறுமியையும் பாவையையும் ஒருங்கே குறிக்கும். ஒருவர் கண்ணை உற்று நோக்கின், நம் உருவம் சிறு பதுமையென அங்கே தோன்றும். அக்காட்சியே வெவ்வேறு மொழிகளில் ஒரே வகைப் பெயரைப் பிறப்பித்தது எனலாம்.

அப்பெயர் இன்று மருத்துவமனையில் தேவைப்படுகிறது. இருளில் இளைஞரின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். 80 அகவையில் அது 5 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. பாவையை விரிக்கும் தசை தளர்வது இதற்கு ஒரு காரணம். இது முதுமையின் இயல்பே, நோயன்று.

1949இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள் முதன்முதல் பொருத்திய செயற்கை வில்லை ஒரு தொலைவுக்கு மட்டுமே உரியது. இன்றைய பல்குவிய வில்லையோ, புகும் ஒளியைச் சேய்மைக்கும் அண்மைக்கும் பகிர்ந்தளிக்கிறது. சில வகைகளில் நடுவட்டம் சேய்மைக்கும், அதனைச் சூழ்ந்த வளையம் அண்மைக்கும் உரியவை. பாவை சுருங்கினால் அவ்வளையம் மறைந்து, நூல் படிப்பது கடினமாகும். வேறு சில வகைகளில், பாவை விரியும்போது ஒளி சேய்மைக்கே மிகுதியாகச் செல்லும். ஆகவே மங்கிய வெளிச்சத்தில் படிப்பது கடினமாகும். பாவையின் அளவை அவ்வளவாகச் சாராத வகைகளும் உண்டு. 60 அகவையில் பொருத்திய வில்லை 80 அகவையிலும் மாறாதிருக்கும், பாவையோ மாறிவிடும். எனவே, வெளிச்சத்திலும் மங்கலிலும் பாவையை அளந்து, வருங்காலச் சுருக்கத்தையும் எண்ணிப் பார்த்தே வில்லையைத் தேர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் சொல் தவறினால் பொருளும் தவறும். 'கருவிழி' என்பதை நாளிதழ்கள் கண்தானச் செய்திகளில் முன்புறத்து ஒளிபுகு படலத்திற்கு ஆள்கின்றன. அடையாளப் பதிவில் அதுவே நிறமுள்ள வளையத்தைச் சுட்டுகிறது. இந்நிலையில் மூன்றாவதாகப் பாவையையும் அச்சொல்லால் குறித்து, "உங்கள் கருவிழி சுருங்கியுள்ளது" என்று ஒரு மூதாட்டியிடம் கூறினால் அவர் என்ன கொள்வார்? கண்ணே சிறுத்துவிட்டதென அஞ்சுவார். அல்லது விளங்காமலே ஒப்புதல் தாளில் கையொப்பமிடுவார். "வெளிச்சத்திற்கேற்பச் சுருங்கி விரியும் கண்பாப்பா, வயதானால் முன்போல் விரியாது" என்றால் அவருக்கு விளங்கும். தாம் இரவில் வண்டி ஓட்டுபவரா, மங்கிய விளக்கில் படிப்பவரா என்பதைத் தாமே எடுத்துரைப்பார். அவ்விடையைக் கொண்டே மருத்துவர் தக்க வில்லையைப் பரிந்துரைக்க இயலும்.

கலைச்சொல்லாக்கம் என்பது எப்போதும் புதுச்சொல் படைப்பதன்று. மக்கள் நாவில் வாழும் சொல்லை உரிய பொருளில் நிலைநிறுத்துவதும் அப்பணியே. நம் மருத்துவமனைகளின் தமிழ்க் கையேடுகளில் பாவைக்கு அதன் பெயரை மீட்டளிப்போம்.