குளமும் வலையும் தூண்டிலும்

(தெமட்டகொடையில் ஆற்றப்பெற்ற உரை)



கொழும்பு மாநகரின் தெமட்டகொடையிலே கூடியிருந்து குளத்து மீனைப் பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் வினவக்கூடும். நம்மிற் பலர் இங்கு உத்தியோகம் பார்ப்பினும், நமது வேர் குளத்தங்கரையிலன்றோ இருக்கின்றது! இரணைமடுவும் கட்டுக்கரைக் குளமும் உன்னிச்சையும் நம் வயலுக்கு நீர் தருவன. நம் மக்களுக்கு மீனும் தருவன.

விடுமுறையில் ஊர் சென்று தூண்டில் போடும் அன்பர்கள் ஒரு குறை கூறுகின்றனர். பெரிய விரால் அகப்படுவது அரிதாயிற்று. வலைகாரர் எல்லாவற்றையும் வாரிச் செல்கின்றனர் என்பதே அக்குறை. இக்குறையில் உண்மையுண்டு, ஆனால் அது முழு உண்மையன்று.

இந்நாட்டில் தூண்டில் மீன்பிடியைச் சங்கமும் விதியும் அமைத்து விளையாட்டாகப் பேணியவர்கள் வெள்ளைத் துரைமார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிரவுட் மீனைக் கொணர்ந்து நுவரெலியா ஓடைகளில் வளர்த்தனர். அது சிலரது பொழுதுபோக்கு. 1952இல் கொணரப்பட்ட திலாப்பியாவோ வறண்ட வலயக் குளங்களிற் பெருகி, கடல் மீன் எளிதில் எட்டாத கிராமங்களில் ஏழையின் கறிச்சட்டியை நிரப்பிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. பொழுதுபோக்குக்காக அப்பிழைப்பைப் பறியுங்கள் என்று கூற நமக்கு மனம் வராது.

அங்ஙனமாயின் கேடு எங்கிருந்து வருகின்றது? வலையிலிருந்தன்று, வலைக்கண்ணின் சிறுமையிலிருந்து வருகின்றது. நீட்டி அளக்குங்கால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலையை நன்னீரில் இடலாகாது என்பது விதி. சிறுகண் வலையும், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் ஒருமுறையேனும் முட்டையிடாத குஞ்சுகளை அள்ளிவிடுகின்றன. கோடையில் குளம் வற்றி, மீன் முழுதும் ஒரு மடுவில் ஒதுங்குங்கால் அவ்வலை விழுமாயின், அடுத்த ஆண்டுக்கு விதை ஏது? விதைநெல்லை உண்ட கமக்காரன் நிலையை நாம் அறிவோமல்லவா? தூண்டிற்காரனுக்குப் பெருமீன் இல்லை. ஈற்றில் வலைகாரனுக்கும் மீன் இல்லை.

அரசு கைவிட்டால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் கருத்தினால் 1990இல் நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. மீன்பிடி நின்றதா? இல்லை, மேற்பார்வையே நின்றது. சிறுகண் வலைகள் மலிந்தன. 1994இல் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையும் அமைந்தது. வெறுமனே விலகிநிற்பது அறமும் ஆகாது, ஆட்சியும் ஆகாது என்பதே அந்நான்கு ஆண்டுகள் புகட்டிய பாடம்.

தூண்டிற்காரர்க்கும் ஒரு சொல். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்னும் பெருமீனை விட்டனர். தூண்டிலுக்கும் வலைக்கும் உதவுமென்று எண்ணினர். ஏற்றுமதி வியாபாரம் ஓங்கிற்று. ஆனால் அவ்வேரிக்கே உரிய சிறுமீன் இனங்கள் பல அழிந்தன. ஆகவே, விளையாட்டுக்கென்று கண்ட மீனையும் நம் குளங்களில் விட இடந்தரலாகாது.

நாம் கேட்பன மூன்றே. முதலாவது, வலைக்கண் விதி ஏட்டோடு நில்லாது கரையில் நடைமுறைக்கு வரவேண்டும். அதனைக் காக்கும் பொறுப்பு அந்தந்தக் குளத்து மீனவர் சங்கத்துக்கே பெரிதும் உரியதாதல் வேண்டும். இரண்டாவது, கோடையில் மீன் ஒதுங்கும் மடுவொன்றை வலையிடா மடுவாக விடவேண்டும். நீர் திறப்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கமக்காரருடன் மீனவரும் அமர்ந்தாலன்றி இது கைகூடாது. மூன்றாவது, தூண்டிற்காரருக்கு ஒரு கரையை ஒதுக்கி, அவர்தம் கட்டணத்தைச் சங்கத்துக்கே அளிக்கவேண்டும். கட்லாவும் ரோகுவும் குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு விடுதல் வேண்டும். அச்செலவுக்கு அப்பணம் கைகொடுக்கும்.

உத்தியோகத்திலுள்ள அன்பர்களே! விதியை எழுதவும் விளக்கவும் வல்லவர்கள் நீங்கள். கமக்காரப் பெருமக்களே! குளத்தின் துருசு உங்கள் கையில் இருக்கின்றது. இருசாராரும் மீனவரோடு ஒரே பாயில் அமர்ந்து பேசினால், குளத்தில் மூவர்க்கும் பங்குண்டு. பேசாதிருப்போமாயின், வற்றிய குளத்தில் பங்கிடுவதற்குச் சேறுதான் மிஞ்சும்!