காங்கிரீட்டு விரைவில் வலுப்பெற



பேரா மாநிலத்தில் பால்மரக் காடுகள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறிய நம்மவர் சொந்த மனையில் வீடு எழுப்புகின்றனர். அவ்வேளையில் கொத்தனாரிடம் நாம் முதலில் கேட்பது, “முட்டுக்கால்களை எப்போது எடுக்கலாம்?” என்பதே. பலகைக்கும் காலுக்கும் நாள்தோறும் வாடகை ஏறுகின்றதல்லவா! ஆயினும், வலுப்பெறாத தளத்தின் கீழிருந்து கால்களை உருவினால் உயிருக்கே கேடு நேரலாம்.

சிமெண்டு நமக்குப் புதிய பொருளன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளே அதன் தாய். 1960களில் ஈப்போவை அடுத்த தாசேக்கில் சிமெண்டு ஆலை எழுந்தது அக்கல்லை நம்பியே. கல்லைக் களிமண்ணுடன் சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் கூட்டி அரைத்தால் சிமெண்டு கிடைக்கின்றது. அதிலுள்ள முக்கால்சியம் சிலிக்கேட்டு நீருடன் விரைந்து வினைபுரிந்து முதல் வார வலிமையைத் தருகின்றது. இருகால்சியம் சிலிக்கேட்டோ வாரக்கணக்கில் நிதானமாகப் பணிபுரியும். சாதாரண சிமெண்டு, 28 நாள் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை 7 நாளில் எய்தும். நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும்; மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குதல் நன்று.

புகைவீட்டில் ரப்பர்த் தகடு காய்வதுபோல் காங்கிரீட்டும் காய்ந்து இறுகுகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. அது நீருடன் கூடியே இறுகுகின்றது. நம் நாட்டு வெப்பம் அவ்வினையை விரைவுபடுத்துவது உண்மையே. ஆனால் அதே வெயில் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் வினை நின்று வெடிப்புகள் தோன்றும். ஈரச் சாக்கினால் மூடி, குறைந்தது 7 நாள் நனைத்து வருக.

கலக்கும்போது ஊற்றும் நீரோ வேறு கதை. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் அளவே போதுமானது. ஈர மணலிலுள்ள நீரையும் அதில் கழித்துக்கொள்ள வேண்டும். இளகலாக இருந்தால் வாரிக் கொட்டுவது எளிது என்று வாளி வாளியாக ஊற்றினால், மிகுந்த நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடும். விரைவில் வலுப்பெற மிகவும் மலிவான வழி, நீரைக் குறைத்து நன்றாகக் குத்தி நிரப்புவதே. நீரை மேலும் குறைத்தும் கலவையை இளக்கமாக வைத்திருக்கும் இளக்கிகளும் கிடைக்கின்றன.

பாலை உறைய வைக்கப் பார்மிக் திராவகம் இருப்பதுபோல், காங்கிரீட்டுக்கும் விரைவூக்கிகள் உண்டு. முன்னாளில் கால்சியம் குளோரைடு பெரிதும் பயன்பட்டது. அது உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தமையால், 1970களில் பிரிட்டன் கம்பியிட்ட காங்கிரீட்டில் அதனை விலக்கியது. இன்று அதற்கு மாற்றாக வழங்குவனவற்றுள் ஒன்று கால்சியம் பார்மேட்டு. நம் பார்மிக் திராவகத்தின் உப்பேதான்! அதற்காகக் கொட்டகையிலுள்ள திராவகத்தைக் கலவையில் ஊற்றிவிடலாகாது. திராவகம் சிமெண்டை அரித்துவிடும்.

முட்டுக்கால்களுக்கு வருவோம். பக்கப் பலகைகளை ஓரிரு நாளில் கழற்றலாம். தளத்தின் கால்களை 14 நாளும், நீண்ட விட்டத்தின் கால்களை 21 நாளும் விட்டுவைப்பது பாதுகாப்பு. பொறியாளர் கூடுதலாகச் சொன்னால் அதுவே முடிவு. எடுக்கும்போது தளத்தின் நடுவில் தொடங்கிச் சுவரை நோக்கி எடுக்க வேண்டும். சன்னலுக்கு மேல் நீட்டிய வெயில் மறைப்புக்கு மட்டும், நீண்டிருக்கும் வெளிமுனையில் தொடங்கிச் சுவர்ப்பக்கம் வருக.