காணாமற்போன குறிப்புச் சீட்டு

கொல்கத்தாவில் வாழும் தமிழர் பலருக்கு அலிப்பூரிலுள்ள தேசிய நூலகம் அறிமுகமான இடமே. 1953ஆம் ஆண்டில் பெல்வெடியர் வளாகத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. இத்தகைய பெருநூலகமொன்றில் ஒரு நூல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் விவரச் சீட்டு மட்டும் தொலைந்துவிட்டது எனக் கொள்வோம். தேடி வந்தவருக்கு ‘அப்படி ஒரு நூல் இல்லை’ என்ற விடையே கிடைக்கும். கணிப்பொறி உலகிலும் இதே இடையூறு நேர்வதுண்டு. அதனைப் பற்றியே இன்று பேச முற்படுகிறோம்.

கணிப்பொறி இந்நகருக்குப் புதிதன்று. மகலனோபிஸ் 1931இல் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1955ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலிருந்து ஒரு மின்னணுக் கணிப்பொறியை இங்கு வரவழைத்தது. அந்நாளில் ஒரு பொறிக்கு வேண்டிய நிரல்களைப் பெரும்பாலும் அதனருகே இருந்தவர்களே எழுதினர். இன்றோ நிலைமை வேறு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸையும், 1993இல் தோன்றிய டெபியன் தொகுப்பையும் உலகின் பல மூலைகளிலுள்ளோர் சேர்ந்து கட்டி வருகின்றனர். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்தாளுகிறார். இவ்வாறு பொதுவாக எடுத்தாளப்படும் நிரல் தொகுதிகளுக்கு அத்துறையினர் ‘லைப்ரரி’ என்றே பெயரிட்டுள்ளனர். நாம் நிரலகம் என்போம்.

திரையில் முப்பரிமாணப் படங்களை வரைவதற்கு ‘மீசா’ என்றொரு நிரலகம் உண்டு; பிரையன் பால் என்பவர் 1993இல் தொடங்கியது. அத்தகைய வரைகலை நிரலகத்துடன் ‘ஜிஎல்.பிசி’ என்னும் சிறு கோப்பு ஒன்று துணை நிற்கும். சில வரிகளே கொண்ட அக்கோப்பில் நிரலகம் எங்குள்ளது, அதன் பதிப்பு யாது, பிற நிரல்கள் அதனோடு இணைவது எவ்வாறு என்பன எழுதப்பட்டிருக்கும். புதிய நிரலைக் கட்டும்பொழுது ‘பேக்கேஜ் கான்ஃபிக்’ என்னும் கருவி இக்குறிப்பைத் தேடிப் படிக்கிறது. குறிப்பு கிடைக்காவிடில், நிரலகம் அங்கேயே இருப்பினும், ‘காணவில்லை’ என்று அறிவித்துவிடுகிறது. கட்டும் வேலை அத்துடன் நின்றுபோகிறது.

முப்பரிமாணப் படத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் ஒரு குறி முன்னும் ஒரு குறி பின்னும் நிற்கிறது. இவற்றை உரிய இடத்தில் அமைப்பது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற நிரலகம். வரியாகக் கோப்பது ‘பாங்கோ’. திரையில் வரைவது ‘கெய்ரோ’. இக்கெய்ரோவின் 2023க்கு முந்தைய பதிப்பு முப்பரிமாண வசதியுடன் கட்டப்பட்டிருக்குமாயின், அதன் குறிப்புச் சீட்டில் ஜிஎல்லின் பெயரும் இடம்பெறும். ஜிஎல்லின் சீட்டு தொலைந்தால் அந்தக் கெய்ரோவும் இல்லையெனக் கருதப்படும். கெய்ரோ இல்லையெனில் அதனை நம்பிய பாங்கோ இல்லை. பாங்கோ இல்லையெனில் தமிழில் மடல் எழுதும் செயலியையும் கட்ட இயலாது. முன்னரே நிறுவப்பட்டவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் புதிய பதிப்புக்கும், பிழை நீக்கிய திருத்தத்துக்கும் வழி அடைபடுகிறது.

கோப்பு எவ்வாறு தொலைகிறது? சில வேளைகளில் அது எங்கும் போவதில்லை. டெபியன் போன்ற தொகுப்புகளில் நிரலை ஓட்டுவதற்கான பொதி வேறு, கட்டுவதற்கான பொதி வேறு. இரண்டாவதை நிறுவ மறந்திருப்போம். மற்றொரு காரணம் பொறுப்பு கைமாறுவது. பல நிறுவனத்தாரின் வரைகலை இயக்கிகள் ஒரே பொறியில் இணங்கி வாழும்பொருட்டு ‘ஜிஎல்விஎன்டி’ என்ற பொது அமைப்பு எழுந்தது. 2019இல் வந்த அதன் பதிப்பு, அதுவரை மீசா தந்துவந்த இச்சீட்டைத் தானே தரத் தொடங்கியது. இரண்டில் ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டால், இவர் தருவார் என அவரும், அவர் தருவார் என இவரும் இருந்துவிட நேரும். மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் இதனை எளிதில் உணர்வர். பழைய அலுவலகத்திலிருந்து கடைசிச் சம்பளச் சான்றிதழ் வந்து சேராத வரையில், ஆள் நேரில் வந்து நின்றாலும் புதிய அலுவலகத்தில் ஊதியம் கைக்கு வருவதில்லை அன்றோ?

இதற்குப் பரிகாரம் எளிதே. திரையில் குவியும் பிழைச் செய்திகளுள் இறுதியானதை விடுத்து முதலாவதைப் படித்தல் வேண்டும். எக்கோப்பு இல்லை என்பது பெரும்பாலும் அங்கேயே விளங்கும். அதனைத் தரும் பொதி எதுவெனக் கண்டு நிறுவுதல் வேண்டும். போலியாக ஒரு சீட்டை எழுதி வைப்பது தகாது. அது குறையை மறைத்துப் பின்னாளில் பெரிதாக்கும். பொதியிலேயே குறையிருப்பின், அதனைப் பராமரிப்போருக்குத் தெளிவாக எழுதித் தெரிவித்தல் நம் கடமை. பொதியை வெளியிடுவோரும், ஒரு கோப்பை நீக்குமுன் அதனை நம்பியிருப்பவை எவையென ஆராய்ந்து, வெற்றுப் பொறியொன்றில் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தல் வேண்டும்.

சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கெனச் செய்யப்பட்டது. வேரில் நேரும் குறை கிளைக்கும் எட்டக்கூடும். வெளி மாநிலங்களில் வளரும் தமிழ் இளைஞர்கள் இத்தகைய பொதிகளைச் சோதித்து, தமிழ் எழுத்து எங்கே பிறழ்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதை உரியவர்களுக்கு எழுதலாம். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. பொறுமையும், கண்டதைக் கண்டவாறே எழுதும் பழக்கமும் போதும்.